ஓடாத கோடு, கசியாத நிறம்

எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள குக்கீ ஒன்றின் மேல் மோனார்க் வண்ணத்துப்பூச்சியை வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட அமெரிக்காவில் கோடைக்காலத்தில் பறக்கும் அந்தப் பூச்சிக்கு ஆரஞ்சு நிறச் சிறகுகள். அவற்றின் மேல் கறுப்பு நரம்புகள். ஓரத்தில் கறுப்புப் பட்டை. பட்டைக்குள் வெள்ளைப் புள்ளிகள். காகிதமும் வண்ணமும் கொடுத்தால் பள்ளிக் குழந்தைகூட வரைந்துவிடும். குக்கீ என்றதும் வழிகள் பலவாகப் பிரிகின்றன. ஐசிங்கைப் பையில் நிரப்பிப் பிழியலாம். ஈரமான ஐசிங்குக்குள் இன்னொரு நிறத்தை விட்டு ஊசியால் இழுக்கலாம். காய்ந்த ஐசிங்கின் மேல் தூரிகையால் தீட்டலாம், உண்ணத்தக்க மை நிரப்பிய பேனாவால் எழுதலாம், ஸ்டென்சில் வைத்து நிறம் தூவலாம், பிரின்டரில் கொடுத்து அச்சிடலாம். இவை எதுவும் வேண்டாமென்றால், மாவு பச்சையாக இருக்கும்போதே மர அச்சில் அழுத்தி வடிவத்தை எடுத்துவிடலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? தொழிலில் இருப்பவர்கள் கைப்பழக்கத்தால் பதில் சொல்வார்கள். அந்தப் பழக்கத்துக்கு அடியில் இயற்பியல் இருக்கிறது. நுண்ணிய வடிவத்தைக் கெடுப்பவை இரண்டுதான்: போட்ட கோடு ஓடிப் பரவுவது, வைத்த நிறம் பக்கத்துக்குக் கசிவது. ஒவ்வொரு நுட்பமும் இவ்விரண்டையும் எந்தக் கட்டத்தில், எப்படி நிறுத்துகிறது என்று தெரிந்துகொண்டால், தேர்வு பாதி முடிந்த மாதிரி.

ஐன்ஸ்டைனின் சர்க்கரைத் தண்ணீர்

ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டுபிடிக்கிறது என்பதைப் பாகுநிலை என்கிறோம். அதற்குள் கரைந்திருக்கும் பொருள் தானாக எவ்வளவு வேகத்தில் பரவுகிறது என்பது விரவல். கோடு ஓடுவது முதலாவதன் விவகாரம். நிறம் கசிவது இரண்டாவதன் விவகாரம். இந்த இரண்டு அளவுகளும் சர்க்கரையை முன்னிட்டு அறிவியல் வரலாற்றில் ஒருமுறை புகழோடு சந்தித்தன.

1905ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் சூரிச் பல்கலைக்கழகத்துக்குத் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அதன் பொருள் சார்பியல் அல்ல, சர்க்கரைக் கரைசல். தண்ணீரில் சர்க்கரை சேர்ந்தால் பாகுநிலை எவ்வளவு கூடுகிறது, சர்க்கரை எவ்வளவு வேகமாக விரவுகிறது என்ற இரண்டு தகவல்களையும் சேர்த்து, ஒரு சர்க்கரை மூலக்கூறின் அளவையும் அவகாட்ரோ எண்ணையும் அவர் கணக்கிட்டார். முதலில் கிடைத்த எண் 2.1×10²³. கணக்கில் ஒரு பிழை இருப்பதை 1911இல் லுட்விக் ஹோப்ஃப் கண்டுபிடித்தார். திருத்தியபின் அது சுமார் 6.6×10²³ ஆயிற்று. இன்று நாம் ஏற்றுக்கொண்டிருக்கும் மதிப்பு 6.022×10²³.

ஐசிங் பிழிபவருக்கு அந்த ஆய்விலிருந்து கிடைப்பது ஒரு தொடர்பு: பாகுநிலை கூடினால் விரவல் அதே விகிதத்தில் குறையும். கோடு ஓடுவதற்கும் நிறம் கசிவதற்கும் வேர் ஒன்றுதான் என்று இதற்குப் பொருள். அந்த வேர் தண்ணீர். தண்ணீர் கூடினால் இரண்டும் கூடும், குறைந்தால் இரண்டும் குறையும், வெளியேறிவிட்டால் இரண்டும் நின்றுவிடும். அலங்கார நுட்பங்கள் அனைத்தையும் தண்ணீரை எப்போது வெளியேற்றுகிறோம் என்ற ஒரே கேள்வியைக் கொண்டு வகைப்படுத்திவிடலாம்.

ஐசிங்குக்குள் ஒரு நெரிசல்

நுண்வேலைக்குப் பயன்படுவது ராயல் ஐசிங். முட்டை வெள்ளைக்கருவும் ஐசிங் சுகரும்தான் அதன் உடல். பச்சை முட்டையில் சால்மோனெல்லா பயம் இருப்பதால் பலர் பாஸ்டரைஸ் செய்த வெள்ளைக்கருவையோ, வெள்ளைக்கருவை உலர்த்திச் செய்யும் மெரிங்கு பவுடரையோ எடுத்துக்கொள்கிறார்கள். பார்வைக்கு இது கெட்டியான பாகு. உண்மையில் அது முழுக்கக் கரைந்த பாகே அல்ல.

ஒரு முட்டையின் வெள்ளைக்கரு சுமார் 33 கிராம்; அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர், அதாவது 30 கிராம். அறை வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீர் சுமார் 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். ஆகவே 30 கிராம் தண்ணீரால் 60 கிராமைத்தான் கரைக்க முடியும். நாம் சேர்ப்பதோ 200 கிராம். மீதி 140 கிராம், கரையாத பொடித் துகள்களாகவே பாகுக்குள் மிதக்கிறது. கன அளவில் பார்த்தால் கலவையில் பாதிக்குமேல், சுமார் 55 விழுக்காடு, திடத்துகள்கள். ஒரே அளவுள்ள உருண்டைகளைக் கண்டபடி கொட்டிக் குலுக்கினால் அவை 64 விழுக்காடு இடத்தை நிரப்பியதும் இறுகிவிடும். அதற்குமேல் ஒன்றையொன்று தாண்டி நகராது. ராயல் ஐசிங் அந்த இறுக்கத்தின் வாசலில் நிற்கும் பொருள்.

இதனால்தான் சில சொட்டுத் தண்ணீர் அதன் குணத்தையே மாற்றிவிடுகிறது. மேலே சொன்ன கலவையில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர், தண்ணீர் விடுங்கள். அது இன்னும் 10 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். துகள்கள் குறையும், பாகு 5 மில்லிக்குப் பதிலாக 11 மில்லி கூடும். திடத்துகளின் பங்கு 50 விழுக்காட்டை நெருங்கும். பாகுநிலை பாதிக்கும் கீழே இறங்கும். அரிசிமாவை அரைத்து இழைக்கோலம் போடுபவர்களுக்கு இது கைகண்ட விஷயம்: கரைசலில் சற்றுத் தண்ணீர் மிஞ்சினாலும் துணியிலிருந்து வழியும் இழை தரையில் அகன்றுவிடும். ஐசிங்கில் இந்த விளைவு இன்னும் கடுமை. அரிசிமாவு தண்ணீரில் கரையாது, சர்க்கரை கரையும் என்பதே காரணம். அனுபவசாலிகள் தண்ணீரைக் கரண்டியால் ஊற்றாமல் தெளிப்பான் புட்டியால் தெளிப்பதற்கும் இதுவே காரணம்.

நெரிசலான கலவைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு குறிப்பிட்ட விசைவரை அது திடப்பொருள்போல அசையாது நிற்கும். அதைத் தாண்டினால் திரவமாக ஓடும். அமெரிக்காவின் லஃபாயெட் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த யூஜீன் பிங்ஹாம், 1919இல் ஹென்றி கிரீனோடு சேர்ந்து சுவர்ப் பெயின்டை ஆராய்ந்தபோது இந்த நடத்தையை விளக்கினார். தூரிகை இழுக்கும்போது பெயின்ட் ஓட வேண்டும். சுவரில் பூசியபின் வழியக் கூடாது. இத்தகைய பொருள்களுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

குக்கீயின் மேல் 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு பிழிகிறோம். ஐசிங்கின் அடர்த்தியை லிட்டருக்கு 1.4 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தக் கோட்டின் எடை அதன் அடியில் தரும் அழுத்தம் 27 பாஸ்கல். ஐசிங்கை அசைக்கத் தேவையான விசை இதைவிடக் கூடுதலாக இருந்தால் கோடு நிமிர்ந்து நிற்கும். குறைவாக இருந்தால் சரிந்து பரவும். ஒரே கிண்ணத்து ஐசிங்கை இரண்டாகப் பிரித்து, கெட்டியானதால் எல்லைக்கோடும் தளர்ந்ததால் உள்நிரப்பும் போடும் வழக்கத்தின் பின்னணி இந்த 27 பாஸ்கல் எல்லைதான். பாஸ்கல் அளக்கும் கருவி எந்தச் சமையலறையிலும் இல்லை. அதற்குப் பதில் ஐசிங்கின் மேல் கத்தியால் ஒரு கீறல் போட்டு, அது மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுகிறார்கள். பத்து முதல் இருபது நொடிக்குள் மறைந்தால் நிரப்ப ஏற்றது. மறையவே இல்லையென்றால் கோடு போட ஏற்றது.

கோட்டை மெல்லியதாக்க வேண்டுமென்றால் நாசில் சிறுக்க வேண்டும். இங்கே குறுக்கே வருபவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் புவாசெய். குருதியோட்டத்தைப் புரிந்துகொள்ள நுண்குழாய்களை ஆராய்ந்த அவர், குழாயின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில், ஓட்டம் 16இல் ஒரு பங்காகிவிடும் என்று 1840களில் காட்டினார். 2 மில்லிமீட்டர் நாசிலிலிருந்து 1 மில்லிமீட்டருக்கு மாறியதும் கை வலிக்கத் தொடங்குவதன் விளக்கம் அது. ஐசிங் சாதாரண திரவமாக இருந்திருந்தால் கணக்கு அப்படியே பொருந்தும். அழுத்த அழுத்த இளகும் குணம் அதற்கு இருப்பதால் கை ஓரளவு தப்பிக்கிறது. ஆனாலும் கையால் பிழிவதில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போவது அரிது. சலிக்காத ஐசிங் சுகரின் ஒரு சிறு கட்டி போதும், நாசில் அடைத்துக்கொள்ள.

பரப்பு இழுவிசையும் ஓர் எல்லை வைக்கிறது. ஐசிங் போன்ற அடர்ந்த திரவத்தில் சுமார் 2 மில்லிமீட்டருக்குக் கீழே ஈர்ப்பைவிடப் பரப்பு இழுவிசை வலியது. அந்த அளவில் தளர்ந்த ஐசிங்கால் எதை வரைந்தாலும் அது முத்துப்போல உருண்டுகொள்ளும். கண், பொத்தான், பனித்துளி வரைய இது வரம். கூர்முனையுள்ள எழுத்து வரைய இதுவே சாபம்.

ஈரத்துக்குள் ஈரம்

வெள்ளை ஐசிங்கை நிரப்பிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே சிவப்புப் புள்ளிகளை வரிசையாக வைத்து, நடுவே ஓர் ஊசியை இழுத்தால் புள்ளிகள் இதயங்களாகின்றன. துருக்கியின் எப்ரு காகிதத்திலும் ஜப்பானின் சுமினகாஷியிலும் திரவத்தின் மேல் மிதக்கும் நிறங்களைக் கலைத்து வடிவம் எடுப்பது இதே கொள்கையில்தான்.

கலக்கினால் இரண்டு நிறமும் சேர்ந்து இளஞ்சிவப்பாகத்தானே ஆக வேண்டும்? ஆகாததற்குக் காரணம் ரெனால்ட்ஸ் எண். ஓட்டத்தில் உந்தமும் பாகுநிலையும் மோதும்போது எது வெல்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் நகரும் ஊசிக்கு, ஐசிங்கில், அந்த எண் ஒன்றைவிட மிக மிகச் சிறியது. அந்த உலகில் சுழல்கள் கிடையாது. நிற அடுக்குகள் நீளும், மடியும், ஆனால் கலக்காது. கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லர் 1960களில் ஒரு கல்விப் படத்தில் இதைக் காட்டினார். இரண்டு உருளைகளுக்கு நடுவே இருந்த பாகுத் திரவத்தில் சாயத்தை வைத்து, உள்ளுருளையைச் சில சுற்றுகள் சுற்றினார். சாயம் கரைந்து மறைந்ததுபோலத் தெரிந்தது. அதே சுற்றுகளைத் திருப்பிச் சுற்றியதும் சாயம் பழைய இடத்தில் மீண்டும் உருவாயிற்று.

இந்த நுட்பத்தின் சிறப்பு, எல்லாம் ஒரே தளத்தில் சமதளமாகக் காய்வது. பளிங்கு வரிகள், இலை நரம்புகள், ரோஜா இதழ்கள், புள்ளிவைத்த துணி ஆகியவற்றுக்கு இதைவிட விரைவான வழி இல்லை. விலை என்னவென்றால் நேரம். மேற்பரப்பில் மெல்லிய ஆடை படியத் தொடங்கும் முன் எல்லா நிறங்களும் உள்ளே போயிருக்க வேண்டும்; மின்விசிறிக் காற்றில் சில நிமிடங்களிலேயே அந்த ஆடை படிந்துவிடும். எல்லா நிறங்களும் ஒரே தளர்வில் இருப்பதும் அவசியம். கெட்டியான கறுப்பைத் தளர்ந்த வெள்ளையில் விட்டால் அது மேடாக நிற்கும். எதிர்மாறாகச் செய்தால் அது பரவி வடிவம் இழக்கும்.

கசிவின் கணக்கு

விரவலுக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். சுத்தத் தண்ணீரில் ஒரு சாய மூலக்கூறு ஒரு மில்லிமீட்டர் விரவச் சுமார் கால் மணி நேரம் ஆகும். பத்தில் ஒரு பங்கான 0.1 மில்லிமீட்டருக்குப் பத்து நொடி போதும். ஐசிங் துகள்களுக்கு இடையே இருக்கும் செறிந்த பாகு தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் பாகுநிலை கொண்டது. ஐன்ஸ்டைன் காட்டிய தொடர்பின்படி அங்கே 0.1 மில்லிமீட்டர் கடக்கக் கால் மணி நேரமும், ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒரு நாளுக்கு மேலும் பிடிக்கும்.

0.1 மில்லிமீட்டரைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. கையில் ஏந்திப் பார்க்கும் தூரத்தில், சுமார் 30 சென்டிமீட்டரில், நம் கண்ணால் பிரித்தறிய முடிந்த நுண்மை ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே இரண்டு நிறங்கள் ஈரமாக ஒட்டியிருக்கும் விளிம்பின் கூர்மை கால் மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். அது இளம் மஞ்சளும் வெள்ளையுமாக இருந்தால் யாரும் கவனிக்கமாட்டார்கள். கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் சாம்பல் நிறக் கறை தனியாகத் தெரியும். அடர்நிறங்களில் தொல்லை இரட்டிப்பு: கறுப்பு வர ஜெல் கலரை நிறையச் சேர்க்க வேண்டும், அது சாயத்தோடு நீர்மத்தையும் கூட்டிவிடும். கறுப்பையும் சிவப்பையும் தேவையைவிடச் சற்று வெளிறலாகக் கலந்து ஓர் இரவு மூடிவைப்பது நல்ல உத்தி. சாயம் முழுதாகக் கரையக் கரைய நிறம் தானே ஆழமாகும்.

இன்னொரு வழி, கரையாத நிறத்தைத் தேர்வது. சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடின் மேல் படியவைத்துச் செய்யும் லேக் வகைப் பொடிகள் தண்ணீரில் கரைவதில்லை. துகள்களாகவே சிதறி நிற்கும். மூலக்கூறைவிடத் துகள் பல மடங்கு பெரிது என்பதால் அது கிட்டத்தட்ட விரவுவதே இல்லை. வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்சைடு நெடுங்காலம் இதே காரணத்துக்காகப் பயன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் அதை உணவுச் சேர்க்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

காற்றின் ஈரப்பதமும் இந்தக் கணக்கில் நுழைகிறது. செறிந்த சர்க்கரைப் பாகு ஏறத்தாழ 85 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றோடு சமநிலையில் இருக்கும். காற்று அதைவிட ஈரமாக இருந்தால் ஐசிங் காயாது. காய்ந்ததுகூட ஈரத்தை இழுத்துத் திரும்ப இளகும். மழைக்காலக் கடற்கரை ஊர்களில் இரவு முழுதும் வைத்தும் ஒட்டுகிறது என்று சொல்பவர்கள் செய்முறையைக் குறைசொல்லத் தேவையில்லை. ஏசி அறையோ குறைந்த வெப்பத்தில் இயங்கும் உலர்த்தியோ அங்கே நாசிலைவிட முக்கியமான கருவி. முடித்த குக்கீயைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால், அதன் மேல் படியும் நீர்த்துளிகள் நின்றுபோன கசிவை மறுபடி தொடங்கிவைக்கும்.

காய்ந்த தளத்தின் மேல்

தண்ணீர் முழுதும் வெளியேறிய ஐசிங் ஒரு வெள்ளைப் பலகை. ஓர் இரவு காத்திருக்கத் தயாரென்றால் வரையும் வழிகள் பெருகும்.

கெட்டி ஐசிங்கால் அதன் மேல் கோடு பிழிவது முதல் வழி. அடித்தளம் காய்ந்திருப்பதால் நிறம் கீழிறங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கோடு மேடாக நின்று நிழலும் தரும். சரிகை வேலைக்கும் பூத்தையலுக்கும் இதுவே வழி. ஹங்கேரியின் தேன்ரொட்டி அலங்காரத்திலும், வட குரோஷியாவின் லிட்சிடார் எனப்படும் சிவப்பு இதயங்களிலும் வெள்ளைக் கோட்டின் கூர்மை இப்படித்தான் கிடைக்கிறது. வட குரோஷியாவின் அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2010இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் ரொட்டியைச் சுட்டு, உலரவைத்து, அதன்பிறகே நிறம் தீட்டுகிறார்கள்.

தூரிகையால் தீட்டுவது இரண்டாவது. ஜெல் கலரைத் தண்ணீரில் கரைத்துத் தீட்டினால் ஐசிங்கின் மேற்பரப்பு கரைந்து குழியாகும். சர்க்கரை ஆல்கஹாலில் ஏறக்குறைய கரையாது. ஆல்கஹால் விரைவாக ஆவியும் ஆகும். அதனால்தான் வோட்காவையோ, ஆல்கஹால் அதிகமுள்ள எலுமிச்சை எசன்ஸையோ கேட்கிறார்கள். வோட்காவில் அறுபது விழுக்காடு தண்ணீர் என்பதால் இரண்டில் எசன்ஸே பாதுகாப்பானது. தூரிகையில் நிறம் நிறைய இருந்தால் வேறொரு சிக்கல்: துளியின் ஓரம் முதலில் காயும்; உள்ளிருக்கும் நீர்மம் ஓரத்தை நோக்கி ஓடி நிறத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். காபிக் கறை நடுவில் வெளுத்து ஓரத்தில் கருத்திருப்பது ஏன் என்று ராபர்ட் டீகனும் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியது இதைத்தான். கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மெல்லிய பூச்சுகளாக ஏற்றினால் அந்த வளையம் வராது.

ஏர்பிரஷ் நிறத்தை நுண்துளிகளாக்கி வீசுகிறது. துளி சிறுத்தால் அதன் கன அளவோடு ஒப்பிடப் பரப்பு அதிகம்; தளத்தைத் தொட்டதும் அது காய்ந்துவிடுவதால் கசிய நேரமில்லை. மேலே ஸ்டென்சில் வைத்தால் ஒரே வடிவத்தை நூறு குக்கீகளில் போட்டுவிடலாம். ஸ்டென்சிலுக்கு வடிவியலே எதிரி: வட்டத்தின் நடுப்பகுதி தனியே நிற்காது, ஒரு பாலம் வேண்டும். மூடிய கண்ணிகள் நிறைந்த வடிவம் ஸ்டென்சிலில் எப்போதும் சற்று உடைந்தே தெரியும்.

பேனாவுக்குக் காத்திருப்பு மட்டுமே விலை. நன்கு காய்ந்த தளத்தில் அது அரை மில்லிமீட்டர் கோடு தரும். காயாத தளத்தில் முனை புதைந்து நின்றுபோகும். வரைய வராதவர்களுக்கு உதவ, படத்தைக் குக்கீயின் மேல் விழவைக்கும் சிறு புரொஜெக்டர்கள் உண்டு. வில்லியம் ஹைட் வோலஸ்டன் 1806இல் காப்புரிமை பெற்ற கேமரா லூசிடாவின் பேரப்பிள்ளைகள் அவை. அவை கையை வழிநடத்தும்; ஐசிங் ஓடினால் ஒன்றும் செய்யா.

அச்சின் இரு முனைகள்

நுண்மையில் யாரும் பிரின்டரை வெல்ல முடியாது. ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் ஒரு புள்ளி 0.085 மில்லிமீட்டர், கண்ணின் எல்லையையே தொட்டுவிடுகிறது. புகைப்படம், நிறுவனத்தின் சின்னம், சிறிய எழுத்து ஆகியவற்றுக்கு இதற்கு மாற்று இல்லை. ஆனால் அதன் மை தண்ணீர்போல நீர்த்தது. ஈரத்தைக் கண்டால் உடனே கசியும். நன்றாகக் காய்ந்த, சமமான பரப்பு வேண்டும். அல்லது மாவுச்சத்துத் தாளிலோ ஐசிங் தாளிலோ அச்சிட்டு ஒட்ட வேண்டும். இன்னொன்று: சாதாரண உண்ணத்தக்க மையில் வெள்ளை கிடையாது. மை படாத இடமே வெள்ளை. அடித்தளம் வெள்ளையாக இல்லாவிட்டால் படத்தின் வெள்ளையும் காணாமல்போகும்.

மறுமுனையில் இருப்பது ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் தோன்றிய ஸ்ப்ரிங்கர்லே. முட்டை, சர்க்கரை, மாவு, சோம்பு மணம் சேர்ந்த பச்சை மாவைச் செதுக்கிய மர அச்சில் அழுத்தி, வெட்டி, ஏறத்தாழ ஒரு நாள் அப்படியே உலரவிடுகிறார்கள். மேல்தோல் காய்ந்து விறைக்கும். பிறகு மிதமான சூட்டில் சுடும்போது, அம்மோனியம் உப்பிலிருந்து வெளிவரும் வாயு மாவை உப்பவைக்கும். விறைத்த தோல் நீளாது. ஆகவே மாவு அடியிலிருந்து எழும்பி, குக்கீக்குக் கீழே ஒரு சிறு பாதம்போலத் தள்ளும். மேலே இருக்கும் சித்திரம் அசையாது. சுடுவதற்கு முன்பே தண்ணீரை வெளியேற்றி வடிவத்தைப் பூட்டிவிடும் நுட்பம் இது. நிறமே தேவையில்லை; மேடுபள்ளத்தின் நிழல் படத்தைக் காட்டிவிடும். நெதர்லாந்தின் ஸ்பெகுலாஸும் மர அச்சை நம்புவதுதான்.

தேர்ந்தெடுக்கும் வரிசை

இனித் தேர்வு. நான்கு கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுக்கொள்ளலாம்.

முதலில், வடிவத்தில் மிகச் சிறிய உறுப்பு எவ்வளவு? 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் தளர்ந்த ஐசிங்கே போதும். ஒரு மில்லிமீட்டர்வரை கெட்டி ஐசிங். அரை மில்லிமீட்டர்வரை பேனாவும் தூரிகையும். அதற்குக் கீழே பிரின்டர்.

இரண்டாவது, படம் நிறத்தால் பேசுகிறதா, மேடுபள்ளத்தாலா? சரிகையும் பூத்தையலும் மேடு இல்லாமல் உயிர்பெறா. அவற்றைத் தாளில் அச்சிட்டு ஒட்டினால் அச்சிட்டது என்றே தெரியும். நீர்வண்ண ஓவியத்துக்கு மேடு இடைஞ்சல்.

மூன்றாவது, பக்கத்தில் பக்கத்தில் வரும் நிறங்களில் மிகக் கடுமையான முரண் எது? அந்த ஓர் இணையை மட்டும் ஈரத்தில் சந்திக்கவிடாதீர்கள். மற்றவற்றில் தாராளமாக இருக்கலாம்.

நான்காவது, எத்தனை வேண்டும், எவ்வளவு நேரம் இருக்கிறது? பத்துக்கு ஏற்ற நுட்பம் இருநூறுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு காத்திருப்பும் ஓர் இரவு என்பதால், அடுக்குகளின் எண்ணிக்கையே நாள்களின் எண்ணிக்கை.

மோனார்க்கை இந்த வரிசையில் ஓட்டிப் பார்ப்போம். மிகச் சிறிய உறுப்பு வெள்ளைப் புள்ளி, சுமார் ஒரு மில்லிமீட்டர், கையால் முடியும். நரம்பு சற்று மேடாக இருந்தால் அழகு. கடுமையான முரண், கறுப்புப் பட்டையும் வெள்ளைப் புள்ளியும். ஆரஞ்சும் கறுப்பும் அவ்வளவு மோசமில்லை. இருபது குக்கீகள்தான் என்றால்: முதல் நாள் ஆரஞ்சை நிரப்பி விசிறிக்கு அடியில் வைத்து, இரவு முழுதும் காயவிட வேண்டும். மறுநாள் கெட்டிக் கறுப்பால் நரம்பும் பட்டையும். கறுப்பு நன்கு இறுகியபின் வெள்ளைப் புள்ளிகள். நிரப்பும்போதே கறுப்பையும் வெள்ளையையும் ஈரத்தில் விட்டால் ஒரே நாளில் முடியும், புள்ளிகள் சாம்பலாகிவிடும்.

இருநூறு என்றால் வழியே மாறும். அடித்தளத்தை வெள்ளையாக நிரப்பி, காய்ந்தபின் சிறகு முழுவதையும் அச்சிடலாம். வெள்ளைப் புள்ளிகள் அச்சுப்படாத இடங்களாகத் தாமே கிடைத்துவிடும். உடலை மட்டும் கறுப்பு ஐசிங்கால் மேடாகப் பிழிந்தால், தட்டையான படத்துக்கு வேண்டிய நிழல் வந்துவிடும். முதலில் வெள்ளைப் புள்ளியே பெரிய தலைவலியாக இருந்தது. நுட்பம் மாறியதும் அதற்கு வேலையே இல்லை. ஒரு நுட்பத்தின் கடினமான பகுதி இன்னொன்றில் இலவசமாகக் கிடைப்பதைத் தேடுவதுதான் தேர்வின் சாரம். நல்ல வேலைகளில் பெரும்பாலும் இரண்டு நுட்பங்கள் இணைந்தே இருப்பதும் இதனால்தான்.

செய்து பாருங்கள்

மேலே உள்ள நேரங்கள் எல்லாம் தோராயம். உங்கள் ஊரின் ஈரப்பதம், உங்கள் கடையில் கிடைக்கும் ஐசிங் சுகரில் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்த்த சோளமாவு, உங்கள் கறுப்பு ஜெல்லின் செறிவு ஆகியவை அவற்றை மாற்றும். ஒரு மாலையில் உங்களுக்கான அட்டவணையை நீங்களே தயாரித்துக்கொள்ளலாம்.

கெட்டியான வெள்ளை ஐசிங்கை மூன்று கிண்ணங்களில் சம எடையாகப் பிரியுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் சில சொட்டுத் தண்ணீர். மூன்றாவதில் அதைப்போல இரண்டு மடங்கு. ஒவ்வொன்றிலும் கீறல் மறையும் நொடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சொட்டு இரட்டித்தபோது நேரம் பாதியாகிறதா, அதைவிட வேகமாகச் சரிகிறதா என்று பாருங்கள்; நெரிசல் கணக்கு அங்கே கண்முன் தெரியும்.

பிறகு, கீறல் பத்து முதல் இருபது நொடிக்குள் மறையும் ஐசிங்கை ஐந்து பிஸ்கட்டுகளின் மேல் ஒரே கனத்தில் நிரப்புங்கள். முதல் பிஸ்கட்டில் உடனே ஒரு கறுப்புக் கோடு போடுங்கள். அடுத்ததில் கால் மணி நேரம் கழித்து. மூன்றாவதில் ஒரு மணி நேரம் கழித்து. நான்காவதில் மூன்று மணி நேரம் கழித்து. ஐந்தாவதில் மறுநாள் காலையில். பின்புறம் நேரத்தை எழுதிவைத்து, இன்னொரு நாள் போனபின் ஐந்தையும் வரிசையாக அடுக்கிக் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். எந்தப் பிஸ்கட்டிலிருந்து விளிம்பு கூர்மையாகத் தெரிகிறதோ, உங்கள் சமையலறையில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளி அந்த நேரம்தான். மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் செய்தால் இரண்டு வெவ்வேறு விடைகள் வரும். இரண்டையும் எழுதிவையுங்கள். அடுத்த ஆர்டர் வரும்போது எந்த நுட்பம் என்று முடிவெடுக்க அந்த இரண்டு எண்கள் போதும்.